வண்டியில் ஹைட்ரஜன் கலம்: எந்த இணைப்பு, எந்தக் கரைசல், என்ன லாபம்?

மன்னார்குடிப் பக்கம் குட்டியானை வைத்து நெல் மூட்டை ஏற்றும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஏழு எவர்சில்வர் தகடுகளை அடுக்கி ஹைட்ரஜன் கலம் ஒன்று செய்திருக்கிறேன். வண்டியின் 12 வோல்ட் பேட்டரியில் நேரடியாக இணைக்கலாமா, ரிலே வேண்டுமா? கரைசலுக்கு உப்பா, சமையல் சோடாவா, காஸ்டிக் சோடாவா, பேட்டரி ஆசிட்டா? எங்கள் போர் தண்ணீரையே ஊற்றலாமா? டீசல் எவ்வளவு மிச்சமாகும்?"

ஹைட்ரஜன் கலம் என்பது தண்ணீரை மின்சாரத்தால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரிக்கும் கருவி; அந்த வாயுவை எஞ்சின் இழுக்கும் காற்றோடு சேர்த்து விட்டால் டீசல் மிச்சமாகும் என்பது பலரின் நம்பிக்கை. கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், தம்பி. டீசல் மிச்சமாகாது, கொஞ்சம் கூடுதலாகத்தான் செலவாகும். கொள்முதல் நிலையத்துக்கு நடை அடித்துப் பிழைக்கிற ஒருவர் இதில் பணத்தைப் போடுவதற்கு முன் இது தெரிந்தாக வேண்டும். என் வார்த்தையை நம்ப வேண்டாம், கணக்கைப் பாருங்கள்.

ஏழு தகடு என்றால் நடுவில் ஆறு இடைவெளி. தகடுகளைத் தொடராக வைத்திருந்தால் ஒவ்வோர் இடைவெளியும் தனிக் கலம். ஒரு கலத்தில் ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 0.038 கிராம் ஹைட்ரஜன் வரும். 1834-இல் ஃபாரடே வகுத்த விதி இது. எந்த அதிர்வெண்ணில் மின்சாரத்தைத் தட்டினாலும் இந்த அளவு கூடாது. 20 ஆம்பியர், ஆறு கலம், ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் நாலரை கிராம் ஹைட்ரஜன். அதில் இருக்கும் வெப்ப ஆற்றல் சுமார் 540 கிலோ ஜூல். டீசல் ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 36 கிலோ ஜூல் தரும். ஆக, ஒரு மணி நேரம் கலம் ஓடிக் கிடைப்பது 15 மில்லிலிட்டர் டீசலுக்குச் சமம். இருமல் மருந்துக் குப்பியின் மூடியில் அடங்கிவிடும் அளவு.

இனி செலவுப் பக்கம். எஞ்சின் ஓடும்போது மின்னழுத்தம் 13.8 வோல்ட், 20 ஆம்பியரால் பெருக்கினால் 276 வாட். இந்த மின்சாரத்தை ஆல்டர்னேட்டர் தருகிறது, ஆல்டர்னேட்டரை பெல்ட் சுழற்றுகிறது, பெல்ட்டை எஞ்சின் இழுக்கிறது, எஞ்சின் டீசலைக் குடிக்கிறது. ஆல்டர்னேட்டரின் திறன் 55 முதல் 60 சதவீதம், எஞ்சினின் திறன் 25 முதல் 30 சதவீதம் என்று தாராளமாகவே வைத்துக் கணக்குப் போட்டாலும், அந்த 276 வாட்டை ஒரு மணி நேரம் கொடுப்பதற்கு 150 முதல் 200 மில்லிலிட்டர் டீசல் எரிய வேண்டும். 150 கொடுத்து 15 வாங்குகிறோம். உங்கள் கலத்தை எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் இந்த இடைவெளி அடையாது. ஏனென்றால் இழப்பில் பெரும்பகுதி உங்கள் கலத்தில் நடக்கவில்லை. எஞ்சினிலும் ஆல்டர்னேட்டரிலும் நடக்கிறது.

"ஹைட்ரஜன் எரிபொருளாகப் பயன்படவில்லை, டீசலை முழுமையாக எரிய வைக்கிறது" என்று மறுமொழி சொல்வார்கள். நல்ல நிலையில் உள்ள டீசல் எஞ்சினில் ஊற்றும் எண்ணெயில் ஏறக்குறைய முழுவதும் ஏற்கெனவே எரிந்துவிடுகிறது. எரியாமல் புகையாகப் போவது மிகச் சிறு பங்கு. அதை முழுக்க மீட்டாலும் 150 மில்லிலிட்டர் வராது. எரிபொருளில் ஹைட்ரஜனைக் கலந்து ஆய்வகங்களில் நல்ல பலன் கண்டது உண்மைதான். ஆனால் அங்கே மொத்த ஆற்றலில் குறிப்பிடத்தக்க சதவீதம் ஹைட்ரஜனாக இருந்தது. அது வெளியிலிருந்தோ தனிக் கருவியிலிருந்தோ வந்தது. மணிக்கு இரண்டு லிட்டர் குடிக்கும் வண்டியில் 15 மில்லிலிட்டர் என்பது ஒரு சதவீதத்துக்கும் கீழே.

பின் ஏன் பலர் மைலேஜ் கூடியது என்று சத்தியம் செய்கிறார்கள்? அவர்கள் பொய் சொல்லவில்லை. கலத்தைப் பொருத்தும் நாளில் ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்கிறார்கள், டயரில் காற்று பார்க்கிறார்கள், ஓட்டுகிறவரின் காலும் தானாகவே மென்மையாகிறது. இந்த மூன்றும் சேர்ந்தாலே வித்தியாசம் தெரியும். நம் பகுதியில் இன்னொன்றும் உண்டு. ஆடியில் மேல்காற்று வீசும்போது தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் போகிற வண்டிக்குக் காற்று முதுகில் தள்ளும்; திரும்பும்போது முகத்தில் அறையும். போகும் வழியை மட்டும் அளந்தால் எந்தக் கருவியும் அதிசயம் செய்ததாகத் தோன்றும். உண்மையாகச் சோதிக்க வேண்டுமானால் ஒரே சுமை, ஒரே வழி, போகவர இரண்டும், ஒரே பங்க்கில் ஒரே பம்பில் டாங்க் நிரப்புதல், கூடவே கலம் ஓடுகிறதா இல்லையா என்பது ஓட்டுநருக்குத் தெரியாதபடி வேறொருவர் சுவிட்சை இயக்குதல் என்று இத்தனையும் வேண்டும். அப்படிச் செய்து, பல டாங்க் கணக்கைச் சேர்த்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

தண்ணீரிலேயே காரை ஓட்டுவதாகச் சொன்ன அமெரிக்கர் ஸ்டான்லி மேயரின் கலத்தை 1996-இல் ஓஹயோ நீதிமன்றம் நிபுணர்களைக் கொண்டு சோதித்தது. அது சாதாரண மின்னாற்பகுப்புக் கலம்தான் என்று தெரியவந்தது; முதலீடு செய்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி தீர்ப்பானது. மூலிகையிலிருந்து பெட்ரோல் செய்ததாக ராமர் பிள்ளை சொன்ன, நம் ஊர் மூலிகைப் பெட்ரோல் பரபரப்பும் அதே ஆண்டுதான். சரியான அதிர்வெண்ணில் மின்சாரத்தைத் தட்டினால் கூடுதல் வாயு வரும் என்று சொல்லி இன்றும் இணையத்தில் சுற்றும் "ஒத்ததிர்வு" சர்க்யூட் படங்களில் பல அந்த மேயரின் பெயரைச் சொல்லித்தான் விற்கின்றன. அவற்றுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும், கலத்தைச் செய்து பார்க்கும் ஆசை நல்ல ஆசை என்றே நினைக்கிறேன். மின்வேதியியலைக் கையால் தொட்டுக் கற்றுக்கொள்ள இதைவிட மலிவான வழி இல்லை. திறந்த வெளியில், மேசைமேல், தனி பேட்டரியில் வைத்துச் செய்யுங்கள் என்பதே என் அறிவுரை. மற்ற கேள்விகளுக்கான பதில்களையும் அதற்காகவே எழுதுகிறேன். வண்டியில்தான் வைப்பேன் என்று நின்றால் எவையெல்லாம் கட்டாயம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாதி செய்த வயரிங்கோடு யாரும் சாலையில் போகக் கூடாது.

முதலில் தகடு அடுக்கும் முறை. தண்ணீரைப் பிரிக்கக் கோட்பாட்டளவில் 1.23 வோல்ட் போதும். எவர்சில்வர் தகட்டில் நடைமுறையில் ஓர் இடைவெளிக்கு இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேலே தேவைப்படும். அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு வோல்ட்டும் வெந்நீர் போடத்தான் உதவும். ஏழு தகட்டையும் பிளஸ், மைனஸ், பிளஸ், மைனஸ் என்று மாற்றி மாற்றி இணைத்தால் ஒவ்வோர் இடைவெளிக்கும் முழு 13.8 வோல்ட் விழும். கொடுக்கும் மின்சாரத்தில் ஆறில் ஐந்து பங்கு சூடாகப் போய்விடும். சிறிது நேரத்தில் கரைசல் கொதிக்கும், குழாயில் ஆவி வரும், அதைப் பார்த்துவிட்டு "நிறைய வாயு வருகிறது" என்று ஏமாறுவோம். சரியான முறை: முதல் தகடு பிளஸ், ஏழாவது தகடு மைனஸ், நடுவில் உள்ள ஐந்துக்கும் எந்த வயரும் கிடையாது. ஆறு இடைவெளிக்கும் ஆளுக்கு 2.3 வோல்ட் பிரிந்துகொள்ளும்.

இது வேலை செய்ய வேண்டுமானால் தகடுகளின் ஓரங்கள் அடைபட்டிருக்க வேண்டும். ஏழு தகட்டையும் ஒரே தொட்டியில் அப்படியே முக்கிவிட்டால் மின்சாரம் நடுத்தகடுகளைத் தொடாமல் ஓரமாகச் சுற்றிக்கொண்டு போய்விடும். தகடுகளுக்கு நடுவே ரப்பர் கேஸ்கெட் வைத்து இறுக்கும் அமைப்பே நல்லது. கீழே கரைசல் போக ஒரு துளை, மேலே வாயு வர ஒரு துளை. இரண்டும் சிறியதாக இருக்கட்டும், பக்கத்துப் பக்கத்துத் தகடுகளில் நேருக்கு நேராக வேண்டாம். இடைவெளி இரண்டு முதல் மூன்று மில்லிமீட்டர். தகட்டின் பரப்பு, சதுர சென்டிமீட்டருக்கு 0.08 ஆம்பியர் என்ற கணக்கில் 20 ஆம்பியருக்கு 250 சதுர சென்டிமீட்டர், அதாவது 16-க்கு 16 அளவுத் தகடு.

எவர்சில்வர் என்று பாத்திரக் கடையில் எடை போட்டு விற்பதெல்லாம் ஒரே எஃகு அல்ல. 316எல் வகை கிடைத்தால் நல்லது, 304 தாக்குப்பிடிக்கும். மலிவாகக் கிடைக்கும் 201, 202 வகைகள் விரைவில் கரைந்து பழுப்புச் சேறாகிவிடும். காந்தம் ஒட்டவில்லை என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். 201-லும் காந்தம் சரியாக ஒட்டாது. ரகத்தை பில்லில் எழுதித் தரும் கடையில் வாங்குங்கள்.

இப்போது கரைசல். நீங்கள் எழுதிய பட்டியலில் மூன்றை உடனே தள்ளிவிடலாம்.

உப்பு கூடவே கூடாது. பிளஸ் தகட்டில் ஆக்சிஜனோடு குளோரின் வரும். அது நுரையீரலை எரிக்கும் வாயு. கரைசலிலேயே மிஞ்சுவது ப்ளீச்சிங் திரவம். குளோரைடு எவர்சில்வரின் பாதுகாப்புப் படலத்தை ஊசி குத்தியதுபோல் துளைத்துவிடும். இதே காரணத்தால்தான் உங்கள் போர் தண்ணீரும் வேண்டாம். டெல்டாவின் கிழக்குப் பகுதியில், வேதாரண்யம், தலைஞாயிறு, நாகை என்று கடலை நெருங்க நெருங்க நிலத்தடி நீர் உவராகிக்கொண்டே போகிறது. கடலோரம் அல்லாத ஊரிலும் சுண்ணாம்பு உண்டு. அது மைனஸ் தகட்டில் வெள்ளைப் படிவமாக உட்கார்ந்துவிடும். வீட்டு ஆர்.ஓ. தண்ணீரிலும் கரைந்த உப்பு மீதம் இருக்கிறது. டிஸ்டில்டு வாட்டர் என்று அச்சிட்டு, பேட்டரிக்கென விற்கும் கேன் தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். 20 ஆம்பியரில் ஒரு மணி நேரத்துக்கு 40 மில்லிலிட்டர்தான் செலவாகும். இதில் சிக்கனம் பார்க்க ஒன்றுமில்லை.

பேட்டரி ஆசிட் ஈயத் தகட்டுக்கு உரியது. எவர்சில்வரைத் தின்றுவிடும், அமிலப் பனியாக வாயுவோடு எஞ்சினுக்கும் போகும். சமையல் சோடா ஆபத்துக் குறைந்தது என்று பலர் அதிலேயே தொடங்குகிறார்கள். அதிலிருந்து முதலில் வருவதில் கார்பன் டை ஆக்சைடும் கலந்திருக்கும். மின்சாரத்தையும் அது சரியாகக் கடத்தாது. தகடு அரித்துக் கரைசல் காப்பி நிறத்துக்கு மாறும்.

மீதமிருப்பவை காஸ்டிக் சோடாவும் காஸ்டிக் பொட்டாஷும். அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. இரண்டில் எனக்குப் பிடித்தது பொட்டாஷ். ஒரே செறிவில் மின்சாரத்தைக் கூடுதலாகக் கடத்தும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துக் கார்பனேட்டாக மாறினாலும் அந்தக் கார்பனேட் எளிதில் கரையும், துளையை அடைக்காது. பெரிய ஆலைகளில் 25 முதல் 30 சதவீதப் பொட்டாஷ் கரைசல்தான் ஓடுகிறது. விலை கட்டுப்படவில்லை என்றால் காஸ்டிக் சோடாவும் நன்றாகவே வேலை செய்யும். ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் வாங்குங்கள். சாக்கடை அடைப்பு நீக்கும் பொடி வேண்டாம்; சிலவற்றில் அலுமினியத் துகள் கலந்திருக்கும், அது காஸ்டிக்கோடு சேர்ந்ததும் தானாகவே ஹைட்ரஜனைக் கக்கும்.

கலக்கும் முறையில் ஒரு வரிசை உண்டு: தண்ணீரை முதலில் ஊற்றி, அதில் காஸ்டிக்கைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். தலைகீழாகச் செய்தால் சூடு ஒரே இடத்தில் கூடி முகத்தில் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம், அலுமினியக் கரண்டி ஆகாது. கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள். காஸ்டிக் கண்ணில் பட்டால் எலுமிச்சை, வினிகர் என்று தேடாமல் ஓடுகிற சுத்தமான தண்ணீரில் இருபது நிமிடம் விடாமல் கழுவிவிட்டு, அப்படியே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பட்டறைத் தரையில் சிந்தியதைக் கழுவத்தான் வினிகர்.

உங்கள் கலத்துக்கு ஆலை அளவுச் செறிவு தேவையில்லை. ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் 10 கிராம் பொட்டாஷ் போட்டு, அம்மீட்டரைப் பாருங்கள். பிறகு ஐந்து ஐந்து கிராமாகக் கூட்டுங்கள். குளிர்ந்திருக்கும்போது 12 ஆம்பியரைத் தொட்டதும் நிறுத்திவிடுங்கள். புதிதாகச் செய்பவர்கள் பலர் சறுக்கும் இடம் இது. கரைசல் ஒரு டிகிரி சூடானால் கடத்துதிறன் ஏறக்குறைய இரண்டு சதவீதம் கூடும். காலையில் 30 டிகிரியில் 12 ஆம்பியர் இழுத்த கலம், 60 டிகிரியை எட்டும்போது 20-ஐத் தாண்டும். மின்சாரம் கூடினால் சூடு கூடும், சூடு கூடினால் மின்சாரம் மேலும் கூடும். சித்திரை வெயிலில், மூடிய இடத்தில் இது நிற்காமல் ஏறும். குளிரிலேயே 20 ஆம்பியர் வரட்டும் என்று செறிவைக் கூட்டி வைத்தவர்களுக்குத்தான் நடுவழியில் ஃபியூஸ் போகும். ஃபியூஸ் போடாதவர்களுக்கு வயர் உருகும்.

காஸ்டிக் செலவாவதில்லை, தண்ணீர் மட்டும்தான் செலவாகிறது. மட்டம் இறங்கும்போது டிஸ்டில்டு வாட்டரை மட்டும் ஊற்றுங்கள். ஒவ்வொரு முறையும் புதுக் கரைசலை ஊற்றிக்கொண்டே போனால் செறிவு ஏறிக்கொண்டே போகும்.

கரைசல் தொட்டிக்குக் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும் பாலிகார்பனேட் ஜாடியைப் பலர் எடுக்கிறார்கள், உள்ளே தெரியும் என்பதற்காக. காஸ்டிக் அதை மெல்ல அரிக்கும். முதலில் போல்ட் துளையைச் சுற்றி மயிரிழைக் கீறல்கள் தோன்றும், பிறகு ஒரு குலுக்கலில் விரிந்துவிடும். பால் வெள்ளையாக இருக்கும் பாலிபுரொப்பிலீன் அல்லது எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் நல்லது; வெளிச்சத்தில் பிடித்தால் மட்டம் தெரியும்.

அடுத்து வயரிங். நேரடியாக இணைக்கலாமா என்றால், கூடாது. இக்னிஷன் சாவியின் பின்னால் இணைத்தாலும் போதாது. காரணத்தைச் சொல்கிறேன். 20 ஆம்பியரில் உங்கள் கலம் நிமிடத்துக்கு 0.9 லிட்டர் ஹைட்ரஜன் தருகிறது. எஞ்சின் ஓடும்போது அது காற்றோடு காற்றாகப் போய்விடும், 700 சி.சி. எஞ்சின் 2000 சுற்றில் நிமிடத்துக்கு 700 லிட்டர் காற்றை இழுக்கிறது, ஹைட்ரஜன் அதில் ஒரு சதவீதம்கூட வராது. ஆனால் கொள்முதல் நிலைய வரிசையில் எஞ்சினை நிறுத்திவிட்டு, பாட்டுக் கேட்கச் சாவியை மட்டும் போட்டு வைத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். ஐந்து லிட்டர் கொள்ளளவுள்ள ஏர் ஃபில்டர் பெட்டியில் அந்த அளவு சேரக் கால் நிமிடம் போதும். நீங்கள் இருப்பதோ மணிக்கணக்கில் காத்திருக்கும் வரிசையில்.

ஆகவே, எஞ்சின் சுழலும்போது மட்டும் கலத்துக்கு மின்சாரம் போக வேண்டும். சார்ஜ் விளக்கு வயர் உள்ள பழைய வகை ஆல்டர்னேட்டரில் அந்த முனையில் எஞ்சின் நிற்கும்போது ஏறக்குறைய பூஜ்யமும் ஓடும்போது பேட்டரி மின்னழுத்தமும் இருக்கும். அதைக் கொண்டு ஒரு சிறு ரிலேயை, அதாவது சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்சை, இயக்கலாம். ஆல்டர்னேட்டரை கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் புது வண்டிகளில் அந்த வயரைத் தொடவே கூடாது. அங்கே ஆயில் அழுத்தம் ஏறினால் தொடர்பு கொடுக்கும் வகைச் சுவிட்சைத் தனியாகப் பொருத்துவதே வழி. டாஷ்போர்டு ஆயில் விளக்கின் சுவிட்ச் உதவாது. அது நேர்மாறாக, அழுத்தம் இல்லாதபோதுதான் மூடும்.

இணைப்பின் வரிசை இப்படி இருக்கட்டும். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 30 ஆம்பியர் ஃபியூஸ். அங்கிருந்து 40 ஆம்பியர் ரிலேயின் 30-ஆம் முனைக்கு. ரிலேயின் 87-லிருந்து மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பி.டபிள்யூ.எம். பெட்டி, அம்மீட்டர், பிறகு கலத்தின் முதல் தகடு. கடைசித் தகட்டிலிருந்து திரும்பும் வயர் நேராக பேட்டரி மைனஸுக்குப் போகட்டும். பாடியில் எர்த் கொடுக்காதீர்கள், பெயின்டும் துருவும் தடையாகும். ரிலே காயிலின் 86-க்கு வரும் வயரில் சாவி, எஞ்சின் ஓட்டச் சுவிட்ச், 60 டிகிரியில் திறந்துகொள்ளும் வெப்பச் சுவிட்ச், கரைசல் மட்டச் சுவிட்ச் நான்கையும் தொடராகப் போடுங்கள். எது திறந்தாலும் கலம் நிற்கும். 85 மைனஸுக்கு.

ஃபியூஸை ரிலேக்குப் பக்கத்திலோ கலத்துக்குப் பக்கத்திலோ வைப்பவர்கள் உண்டு. ஃபியூஸ் காப்பாற்றுவது அதற்குப் பின்னால் உள்ள வயரை. பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் உரசிப்போன வயருக்குக் காவல் கிடையாது.

வயர் 6 சதுர மில்லிமீட்டர் செம்பு. போகவர ஆறு மீட்டர் நீளத்துக்கு 20 ஆம்பியரில் 0.35 வோல்ட்தான் இழப்பு. வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 2.5 சதுர மில்லிமீட்டர் வயரைப் போட்டால் 0.84 வோல்ட் போகும். வயரும் கையில் சுடும். வயர் முனையில் மாட்டும் லக்கைக் கொறட்டால் நசுக்காமல் கிரிம்பிங் கருவியில் அழுத்துங்கள். எவர்சில்வர் போல்ட்டில் மாட்டும் லக்கில் காஸ்டிக் கசிந்து, கடற்காற்றும் சேர்ந்தால் முதலில் பச்சை பூக்கும், பிறகு தொடுமுனை சூடாகி இன்சுலேஷன் பழுப்பாகும். பார்த்தவுடன் தெரியும் அடையாளம் இது. மாதம் ஒரு முறை கையால் தொட்டுப் பாருங்கள்.

பி.டபிள்யூ.எம். பெட்டி தேவையா என்று கேட்டால், சூடு ஏறும்போது மின்னோட்டம் ஏறாமல் பிடித்து வைக்க அது உதவும். வேறு மாயம் அதில் இல்லை. வாங்கினால் மின்னோட்டத்தை மாறாமல் வைக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். அதிலுள்ள மாஸ்ஃபெட் என்ற மின்னணுச் சுவிட்ச் பழுதானால் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் பழுதாகும். முழு மின்சாரமும் கட்டுப்பாடில்லாமல் ஓடும். அந்தப் பெட்டி இருக்கிறதே என்று ஃபியூஸையும் ரிலேயையும் விட்டுவிடாதீர்கள்.

இவ்வளவுக்கும் முன்னால் உங்கள் ஆல்டர்னேட்டரின் லேபிளைப் படியுங்கள். சிறிய சரக்கு வண்டிகளில் அது தாராளமாக இருக்காது. இரவில் ஹெட்லைட், வைப்பர், ஹாரனோடு இன்னொரு 20 ஆம்பியர் சேர்ந்தால் பேட்டரி நிரம்பாமலே ஓடி, காலையில் ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும்.

வெளிவரும் வாயுவைப் பற்றி. இரண்டு பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு ஆக்சிஜனும் சரியான விகிதத்தில் கலந்தே வருகிறது. எரிவதற்கு வெளிக்காற்றே தேவையில்லை. அதைப் பற்றவைக்க 0.02 மில்லிஜூல் போதும். சட்டையில் உரசி வரும் நிலைமின் பொறியில் அதைவிடக் கூடுதல் ஆற்றல் இருக்கும். இதைச் சிலிண்டரிலோ டியூபிலோ பலூனிலோ சேர்த்து வைக்காதீர்கள். கலத்துக்கும் எஞ்சினுக்கும் நடுவில் தண்ணீர் நிரப்பிய பப்ளர் ஒன்று கட்டாயம், கூடுமானால் இரண்டு. தீ பின்னோக்கி வந்தால் தண்ணீரில் நிற்கும். வாயுவோடு வரும் காஸ்டிக் பனியையும் அது பிடித்துக்கொள்ளும். பனி எஞ்சினுக்குள் போனால் அலுமினிய பிஸ்டனையும் மேனிஃபோல்டையும் அரிக்கும். பப்ளரின் மூடி, அழுத்தம் வந்தால் கழன்று தெறிக்கும்படி இருக்கட்டும். திருகி இறுக்கிய மூடி வெடித்தால் சில்லாகப் பறக்கும். குழாய் குட்டையாக இருக்கட்டும்.

குட்டியானையில் எஞ்சின் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. அதுவே என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது, தம்பி. ஹைட்ரஜன் மேலே ஏறும் வாயு. மணம் கிடையாது, பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. குழாய் இணைப்பு ஒன்று கசிந்தால் அது போய்ச் சேரும் இடம் நீங்கள் உட்கார்ந்திருக்கும் கேபின். கலத்தையும் பப்ளரையும் பின்பக்கச் சேஸிஸில் வைத்தாலும் கடைசிக் குழாய் இருக்கைக்கு அடியில்தான் வந்தாக வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே, உங்கள் வண்டியில் வேண்டாம் என்று சொல்கிறேன்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் விவரக் குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. எஃப்.சி. என்ற தகுதிச் சான்று வாங்கும்போது பிரச்சினை வரும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க இது நல்ல சாக்காகிவிடும்.

டீசல் மிச்சப்பட வேண்டுமென்றால் அறுவடைக் காலத்தில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். அறுப்பு இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கிற வண்டியில் வைக்கோல் தூசும் நெல் சுணையும் அடைந்து பத்து நாளில் மூச்சுத் திணறும். டயர் காற்றை வாரம் ஒரு முறை, குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். புகை கறுத்தால் இன்ஜெக்டரைச் சோதனைக்குக் கொடுங்கள். கலத்துக்கு ஆகும் செலவில் இவை எல்லாம் அடங்கிவிடும்.

மேசைமேல் கலத்தை ஓட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். சில நாளில் கரைசல் மஞ்சளாகும். அது எவர்சில்வரிலுள்ள குரோமியம் பிளஸ் தகட்டிலிருந்து கரைந்து குரோமேட்டாக மாறுவதன் அறிகுறி. புற்றுநோய் தரும் ஆறு இணைதிற குரோமியம் அதுதான். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட ஆலையின் குரோமியக் கழிவு மேடு அங்கே நிலத்தடி நீரை என்ன செய்தது என்று செய்திகளில் படித்திருப்பீர்கள். குடிநீரில் குரோமியத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் அனுமதிப்பது லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் மட்டுமே. பிளஸ் தகட்டுக்கு மட்டும் நிக்கல் தகடு போட்டால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். நடுத்தகடுகளின் ஒரு பக்கமும் பிளஸ்ஸாகவே வேலை செய்வதால் முழுதாகத் தீராது. மஞ்சளான கரைசலை வாய்க்காலிலோ வயலிலோ கிணற்றடியிலோ கொட்டாதீர்கள். கையுறையோடு எச்.டி.பி.இ. கேனில் ஊற்றி, மூடி, "குரோமியம், காஸ்டிக்" என்று பெரிய எழுத்தில் எழுதிக் குழந்தைகள் கை எட்டாத இடத்தில் வையுங்கள். குரோம் முலாம் பூசும் பட்டறைகளில் முறையாக உரிமம் பெற்றவை இதே கழிவைச் சுத்திகரிப்புக்கு அனுப்புகின்றன. அப்படி ஒன்றைக் கண்டுபிடித்து, கேனை அவர்களிடம் பேசி ஒப்படையுங்கள். கழுவிய தண்ணீரும் அதே கேனுக்குத்தான்.